மதகுக்கு மேலே மலைக்கோட்டை

காலை எட்டே முக்கால் மணிக்கு அமிர்தம் ஸ்ரீரங்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் படியேறி வந்து, தன் அப்பாவைக் காணவில்லை என்று புகார் சொன்னார்.

"அவருக்கு என்ன வயசும்மா?" என்று ரைட்டர் கேட்டார்.

"செத்தப்ப அம்பத்திரண்டுங்க."

ரைட்டரின் பேனா நின்றுவிட்டது. உள்ளே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் சகாயராணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். ராமநாதபுரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சைக்கிள், செயின், கோயில் உண்டியல் என்று எத்தனையோ திருட்டைப் பார்த்துவிட்டாள். இது புதுசு.

"உள்ள வாங்கம்மா. உட்கார்ந்து சொல்லுங்க."

அமிர்தம் உட்கார்ந்தார். அறுபத்து நாலு வயது. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நல்லெண்ணெய் பாட்டிலும் திரிக்கட்டும் இருந்தன.

"காணாமப் போனது அப்பாவோட சமாதிங்க. பேரு அம்மாசி. எழுபத்தேழு வெள்ளம் வடிஞ்சப்ப காய்ச்சல் கண்டு போனாரு. செங்கரைத்திட்டுல எங்க வயல்லயே புதைச்சோம். செங்கல்லு மேடை, தலைமாட்டுல விளக்கு மாடம், அதுக்கு மேல பேர் வெட்டின கல்லு. அண்ணன்தான் வருஷா வருஷம் விளக்கு வச்சான். நான் கல்யாணமாகி பொன்மலைக்குப் போயிட்டேன். அண்ணனுக்கும் எனக்கும் மனஸ்தாபம். அந்தப் பக்கம் போய் முப்பது வருஷமாச்சு."

"இப்ப ஏன் போனீங்க?"

"போன வருஷம் அண்ணனும் போயிட்டான். கண்ணை மூடறதுக்கு முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘அப்பாவுக்கு இனிமே நீதான் விளக்கு வைக்கணும்’னான். நேத்து போறேன், வயலையே காணோம். எல்லாத்தையும் மட்டம் பண்ணி மனை போட்டிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு ஜேசிபி வந்து கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டப் போகுதாம். எங்கப்பா எலும்பு மேல கக்கூஸ் தொட்டிங்க."

சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. கோபத்தில் கெட்டிப்பட்டிருந்தது. சகாயராணிக்கு அந்தக் கோபம் உடனே பிடித்துப் போயிற்று.

ரைட்டர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "மேடம், செங்கரைத்திட்டை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. பாதி கார்ப்பரேஷன், அது நம்ம லிமிட். பாதி பக்கத்துப் பஞ்சாயத்து, அது பக்கத்து ஸ்டேஷன்."

"அங்கதாங்க மொதல்ல போனேன்," என்றார் அமிர்தம். "சமாதி எந்த லிமிட்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"சமாதியைக் கண்டுபிடிச்சாதான் லிமிட் தெரியும். லிமிட் தெரிஞ்சாதான் சமாதியைத் தேடலாம். நல்ல கூத்துதான்," என்றாள் சகாயராணி. இட்லியை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

ஜீப்பில் ஏறும்போது இன்ஸ்பெக்டரின் போன் வந்தது. "பேர் வெட்டின கல்லு பொதுச் சுடுகாட்டுல நிக்குதாமே. அப்புறம் என்ன கேஸ்? நாலு மணிக்குள்ள பார்த்து முடிச்சிடுங்க."

ஏட்டு பரக்கத் அலி முன் சீட்டில் இருந்தார். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம்தான். டிரைவரிடம், "மொட்டைக் கோபுரத்துப் பக்கம் போயிடாதப்பா, வண்டி நகராது," என்றார்.

"பதிமூணு நிலை ராஜகோபுரம். அதைப் போய் மொட்டைங்கறீங்களே ஏட்டய்யா," என்றாள் சகாயராணி.

"வாய்ப்பழக்கம்ங்க மேடம்," என்று அவர் சிரித்தார்.

செங்கரைத்திட்டு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, முக்கொம்புக்குப் போகிற வழியில் இருக்கிறது. பொதுச் சுடுகாட்டில் கல் நின்றது நிஜம். ‘அம்மாசி, 1977.’ பரக்கத் அலி குனிந்து அடியைத் தோண்டிப் பார்த்தார்.

"மண்ணு பொலபொலன்னு இருக்கு மேடம். புதுசா நட்டது."

"அம்மா, இந்த இடம்தானா?"

அமிர்தம் சுற்றிலும் பார்த்தார். "இல்லைங்க. எங்க வயலு ஊர் எல்லைக் கல்லுக்கு நேர் கிழக்கே. கல்லுலேர்ந்து வரப்பு புடிச்சு நடந்தா நேரா அப்பாகிட்ட போய் நிக்கும்."

எல்லைக் கல்லிலிருந்து நடந்து பார்த்தார்கள். வழி நேராகப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டியது. அமிர்தத்தின் முகம் விழுந்துவிட்டது. ஊரைப் பிரித்தபோது பழைய எல்லைக் கல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டார்கள் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. பழைய கல் எங்கே நின்றது என்று திட்டமாகச் சொல்ல ஊரில் ஆளில்லை.

பரக்கத் அலியைப் பழைய குத்தகைக்காரர் மாத்ருபூதத்தை விசாரிக்க அனுப்பிவிட்டு, சகாயராணி மட்டும் மனைப் பிரிவுக்குள் நுழைந்தாள். ஒரு கொட்டகையில் ஸ்ரீதர் உட்கார்ந்திருந்தான். முப்பத்து நாலு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நிலம் அவனுடைய தாய்மாமன் சிவராமனுடையது; அமிர்தத்தின் அண்ணனிடம் வாங்கியது. மனை போட்டு விற்கிற வேலை முழுக்க இவன் கையில்.

"கல்லை யார் நட்டது?"

"நான்தாங்க மேடம். சாஞ்சு கிடந்துச்சு, போன வாரம் நிமிர்த்தி வச்சேன். புண்ணியம்தானே."

"அம்மாசியைப் புதைச்சது சுடுகாட்டுலதான்னு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா குழி வெட்டினவங்கள்ல ஒருத்தர். இப்ப இல்லை. சின்னப் பிள்ளையில ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு. வெள்ளம் வந்து ஊரெல்லாம் சேறு, அடையாளம் ஒண்ணும் தெரியலை. கிழக்கே பார்த்தா ராஜகோபுரத்து உச்சி மட்டும் தென்னைக்கு மேல பளிச்சுன்னு தெரிஞ்சுதாம். பெருமாளே காட்டின இடம்னு அதுக்கு நேராத்தான் குழி வெட்டினாங்களாம்."

சகாயராணி கிழக்கே பார்த்தாள். தென்னந்தலைகளுக்கு மேலே கோபுரம் கம்பீரமாகத் தெரிந்தது. சுடுகாட்டிலிருந்தும் அப்படித்தான் தெரிந்தது. கதை கனகச்சிதமாகப் பொருந்தியது.

பரக்கத் அலி கொண்டுவந்த செய்தி இதற்கு நேர் எதிர். மாத்ருபூதம் அந்த நிலத்தில் வாழை குத்தகைக்குப் போட்டிருந்தவர். சமாதி வயலுக்குள்தான் இருந்தது என்று அடித்துச் சொன்னாராம்.

"எந்த இடம்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். ‘போன மாசம் வரப்பு, வாய்க்கால் எல்லாத்தையும் அழிச்சுட்டானுங்க. இப்ப என் வீட்டையே அங்க கொண்டாந்து வச்சாலும் எனக்கு அடையாளம் தெரியாது’ங்கறாரு. குத்தகை போன கடுப்பும் இருக்கு. விற்பனை நின்னா அவருக்குத்தான் லாபம்."

ஒரு பக்கம் சாமி சாட்சியோடு ஒரு கதை. இன்னொரு பக்கம் ஒரு கடுப்புக்காரர். நடுவில் அமிர்தம். ஜீப் நிழலில் நின்றிருந்த அவரிடம் சகாயராணி வந்தாள்.

"புதைச்ச அன்னிக்கு அங்கேர்ந்து என்னென்ன தெரிஞ்சுதுன்னு யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரமே இல்லை."

உண்மையில் அவசரம்தான். மணி ஒன்றரை.

அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டார். "தலைமாட்டுல உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். நிமிர்ந்தா வாய்க்கால் மதகு. அந்த மதகுச் சுவர் மேலயே மலைக்கோட்டை. பிள்ளையார் மதகு மேல வந்து குந்தியிருக்கற மாதிரி இருந்துச்சு."

"கிழக்கே?"

"கிழக்கே ஒண்ணுமில்லைங்க. வெறும் தென்னந்தோப்புதான்."

சகாயராணிக்கு மனசு சுருங்கியது. இந்த ஊரில் கண்ணைத் திறந்தால் முதலில் படுவது அந்தக் கோபுரம். அதையே மறந்தவர் மதகை எப்படிச் சரியாக ஞாபகம் வைத்திருப்பார்? பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள்.

சாப்பாட்டுக்கு ஸ்ரீரங்கம் திரும்பினார்கள். டிரைவர் ஏட்டின் பேச்சைக் கேட்காமல் கோபுரத்தடியிலேயே வண்டியை விட, அது அங்கேயே மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், பின்னால் பூக்கூடை ஆட்டோ. சகாயராணி ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். நிலை நிலையாகக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள்.

சட்டென்று பரக்கத் அலி பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஒரு வருஷத்தைச் சொன்னார்.

"வண்டியைத் திருப்புப்பா," என்றாள் சகாயராணி. "சாப்பாடு அப்புறம்."

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது மனைப் பிரிவில் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் ஹாலித் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். மன்னார்புரத்திலிருந்து காரில் வந்த சிவராமன், புது சர்வே வரைபடத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயரானவர். மாத்ருபூதம் தள்ளி நின்றார்.

"ஸ்ரீதர், காலையில சொன்னதை எல்லாருக்கும் கேட்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். இந்தத் தடவை பெருமாளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கூப்பிட்டான். ‘ராஜகோபுரத்து உச்சி’ என்ற இடம் வந்ததும் மாத்ருபூதம் நிமிர்ந்தார். அமிர்தம் வாயைத் திறந்தார். சகாயராணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க ஸ்ரீதர்?"

"தொண்ணூத்தொண்ணு."

"அதான் தப்பு ஆயிடுச்சு. நீங்க கண்ணு முழிச்ச நாள்லேர்ந்து அந்தக் கோபுரம் முழுசா நிக்குது. அது இல்லாத வானத்தை நீங்க பார்த்ததே இல்லை. ஏட்டய்யா, அதை எப்பக் கட்டி முடிச்சாங்க?"

"எம்பத்தேழுங்க மேடம். அதுவரைக்கும் பல நூறு வருஷமா பாதியிலதான் நின்னுச்சு. மொட்டைக் கோபுரம். நாங்க இன்னும் அந்தப் பேரை விடலை."

"அம்மாசி போனது எழுபத்தேழுல. பத்து வருஷம் கழிச்சு வரப்போற உச்சியை உங்கப்பா எப்படிப் பார்த்தாரு?"

ஸ்ரீதர் மாமனைப் பார்த்தான். "அப்பா... வேற எதையாவது சொல்லியிருப்பாரு. நான் தப்பா..."

"உங்கப்பா ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டாரு. அவர் வாயால வந்திருந்தா மொட்டைக் கோபுரம்னுதான் வந்திருக்கும். கதை நீங்க இந்தக் கொட்டகையில உட்கார்ந்து கட்டினது. கிழக்கே ஒண்ணுமில்லைன்னு இந்தம்மா சொன்னாங்க. நான்தான் ஞாபக மறதின்னு நினைச்சேன். இங்க நிஜத்தைச் சொன்னது அவங்கதான்." அவள் திரும்பினாள். "அப்ப மதகும் நிஜம். மலைக்கோட்டையும் நிஜம். ஊரைப் பிரிக்கலாம், எல்லைக் கல்லைப் பிடுங்கி நடலாம். மலைக்கோட்டையை யாரும் நகர்த்த முடியாது. ஹாலித், உங்க வண்டி எனக்கு வேணும்."

தரையிலிருந்து பார்த்தால் புது மாடி வீடுகள் மலைக்கோட்டையை மறைத்தன. சகாயராணி ஜேசிபியின் முன் வாளியில் ஏறி நின்றுகொண்டாள். "தூக்குங்க," என்றாள். பரக்கத் அலி கண்ணை மூடிக்கொண்டார். வாளி ஆடி ஆடி மேலே போனது. மாடிகளுக்கு மேலே, தென்கிழக்கில், மலைக்கோட்டை தெரிந்தது. கீழே வாய்க்கால் ஓரத்தில் பாசி படிந்த பழைய மதகு.

"வலது பக்கம் போங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க."

பிள்ளையார் மதகுச் சுவரின்மேல் வந்து குந்தியிருந்தார். சகாயராணி அப்படியே பின்னால் திரும்பிப் பார்த்தாள். மதகிலிருந்து வருகிற அந்த நேர்கோட்டில் நிலம் முழுக்கக் கையால் தடவினது போல மட்டம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டட இடிபாடு குவிந்து கிடந்தது.

"அந்த ரப்பிஷை யார் கொட்டினது?"

ஹாலித் கீழிருந்து சத்தமாகச் சொன்னான். "டிப்பர்ல வந்துச்சுங்க. ஸ்ரீதர் சார்தான் காலால கோடு கிழிச்சு, இதுக்குள்ளதான் கொட்டணும்னாரு. இவ்வளவு இடம் கிடக்கே, ஏன் சார்னு கேட்டேன். வேலையைப் பாருன்னாரு."

ஸ்ரீதர் காரைப் பார்த்தான். மாத்ருபூதம் அவனுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

இடிபாட்டை ஹாலித் மேலாக வழித்தெடுத்தான். அதற்குப் பிறகு மண்வெட்டி. மாத்ருபூதமே வாங்கி வெட்டினார். முழங்கால் ஆழத்தில் செங்கல் தட்டியது. மேடை உடைந்திருந்தது. தெற்கு ஓரத்தில் விளக்கு மாடம் மட்டும் முழுசாக இருந்தது. அமிர்தம் மண்டியிட்டு அதற்குள் விரலை விட்டார். விரல் கரியாக வெளியே வந்தது. அண்ணன் வருஷா வருஷம் ஏற்றிய விளக்கின் கரி. காலையிலிருந்து அழாத அமிர்தம் அப்போது அழுதார்.

"சமாதி இருக்கற நிலத்தை யார் வாங்குவா மாமா?" என்றான் ஸ்ரீதர். "நாலு பார்ட்டி வந்து பார்த்துட்டு ஓடிட்டான். உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகன்னு சொல்லாதடா," என்றார் சிவராமன். "தொடமாட்டேன்னு இந்தம்மாவோட அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தது நான். நீ என் வாக்கைப் பேத்துட்ட." பிறகு அமிர்தத்திடம், "இந்த இடத்தை நான் விக்கலைங்கம்மா. உங்க பேருக்கே எழுதிடறேன். மேடையும் கட்டித் தரேன்," என்றார்.

பரக்கத் அலி வரைபடத்தை ஜீப் பானட்டில் விரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மேடம், புது எல்லைக்கோடு சமாதிக்கு நடுவுலயே போகுது. தலை கார்ப்பரேஷன், கால் பஞ்சாயத்து. எந்த ஸ்டேஷன்னு எழுதறது?"

"தலை நம்ம பக்கம் இருக்கில்ல? கேஸ் நம்மளுது," என்றாள் சகாயராணி. "ஸ்ரீதரை வண்டியில ஏத்துங்க."

அமிர்தம் மஞ்சள் பையைத் திறந்தார். மாடத்தைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டார். கொள்ளிடத்துக் காற்று இரண்டு தீக்குச்சியை அணைத்தது. மூன்றாவதை சகாயராணி தொப்பியால் மறைத்துப் பிடித்தாள். விளக்கு நின்று எரிந்தது.

அப்போதுதான் அமிர்தம் கிழக்கே நிமிர்ந்து பார்த்தார். சாயங்கால வெயிலில் கோபுரம் அடியிலிருந்து உச்சிவரை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செங்கல்லின்மேல் கையை வைத்து, தூங்குகிறவரை எழுப்புவது போல மெதுவாகச் சொன்னார்.

"அப்பா, மொட்டைக் கோபுரத்தைக் கட்டி முடிச்சுட்டாங்கப்பா."