வில்ஃப் கேட்ட முட்டை

லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் எட்னா தட்டுகளை எடுத்து அடுப்பின் ஓரத்தில் சூடேற வைத்தாள். மழை விட்ட மார்ச் மாதப் பிற்பகல். இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் தட்டை வயல்களுக்கு நடுவே அந்த விமானத்தளம் சேறும் எண்ணெயுமாகக் கிடந்தது. குண்டுவீச்சுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் சாப்பிட வந்துகொண்டிருந்தார்கள். போகும்போது ஒரு முட்டை, திரும்பி வந்தால் ஒரு முட்டை. போர்த் தட்டுப்பாட்டில் ஊரே முட்டைத்தூளைக் கரைத்துப் பொரித்துத் தின்றுகொண்டிருந்த காலத்தில் அது பெரிய மரியாதை.

அந்த மரியாதையைச் சுற்றி ஒரு கேலியும் இருந்தது. "நீ திரும்பி வரலேன்னா உன் முட்டை எனக்குடா" என்று எந்த மேசையிலாவது எவனாவது சொல்வான். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்பான் மற்றவன். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது உளறிவைப்பார்கள். ஆனால் சொன்னதை யாரும் செய்ததில்லை. வராதவனின் முட்டையைச் சமையற்காரி ஐவி கழிவுத்தொட்டியில் கொட்டிவிடுவாள். அதுதான் அங்கே வழக்கம்.

ராய் ஹிபர்ட் மட்டும் சொன்னதைச் செய்துவிட்டான்.

ராய், லங்காஸ்டர் விமானம் ஒன்றில் பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின்களைக் கவனிக்கிறவன். எட்னாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அதே விமானத்தின் வால் பக்கத் துப்பாக்கிக்காரன் வில்ஃப், ராயின் உயிர்த் தோழன். ராய் முட்டையைக் கொத்திக் குழப்பி ரொட்டியால் வழித்துத் தின்பான். வில்ஃபோ வெள்ளையைச் சுற்றிலும் சுரண்டித் தின்றுவிட்டு, சூரியன் போன்ற மஞ்சளை உடையாமல் கரண்டியில் தூக்கி அப்படியே விழுங்குவான். விழுங்கிவிட்டு, "பொழுது சாஞ்சிருச்சு, மகாராணி" என்று எட்னாவைப் பார்த்துக் கண்ணடிப்பான். அவளை மகாராணி என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

போன வாரம் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் துறையைத் தாக்கிவிட்டுத் திரும்பிய விமானத்தில் வில்ஃப் பிணமாக வந்தான். அவன் உட்கார்ந்திருந்த வால் கூண்டைத் தண்ணீர் பீச்சித்தான் கழுவினார்கள். செய்தி தெரியாத எட்னா அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டாள். ராய் தன் முட்டையைத் தின்றான். பிறகு வில்ஃபின் தட்டை இழுத்தான்.

"பேச்சுன்னா பேச்சுதானே?" என்றான். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அதையும் தின்று முடித்தான்.

அன்று தொடங்கியது.

கணப்படுப்பை ஒட்டியிருந்த வில்ஃபின் நாற்காலியில் யாரும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தவர்கள் முதுகு விறைக்கிறது என்று எழுந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனாலே வெடிமருந்து கருகிய வாடையும், ஆக்சிஜன் முகமூடி ரப்பரின் வாடையும் அடித்தன. காலியான கூடத்தில் எட்னா மேசை துடைக்கும்போது, தட்டில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்கும். சுற்றிச் சுற்றி, நிதானமாகச் சுரண்டும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

அவளுக்குப் பயத்தைவிடப் பரிதாபம்தான் வந்தது. பாவம், அவன் பங்கை அவன் தின்னவில்லை. பக்கத்துப் பண்ணையில் கெஞ்சி ஒரு முட்டை வாங்கிவந்து, பொரித்து, அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தாள். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தட்டின் மேல் பனி பூத்திருந்தது.

முட்டை தொடப்படாமல் கிடந்தது.

காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது. "இது இல்ல, மகாராணி. அவனோடது."

அதன் பிறகு எட்னாவுக்குத் தூக்கம் போயிற்று. ராய்க்கு இன்னும் ஒரே ஒரு தாக்குதல்தான் பாக்கி. அதை முடித்துவிட்டால் அவனைப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். சனிக்கிழமை மாதா கோயிலில் கல்யாணம். நீ வராவிட்டால் உன் முட்டை எனக்கு என்று வில்ஃபும் ராயிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறான்! ராய் வராமல் போவதற்காகத்தான் அவன் அந்த நாற்காலியில் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

இப்போது ராய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்ன புள்ள, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? நாளைக்கு இந்நேரம் நான் சும்மா உக்காந்து திங்கிற ஆளு. அப்புறம் என்னை விரட்டினாலும் போகமாட்டேன்."

எட்னா சமையலறைக்குள் ஓடினாள். "ஐவி அக்கா, ராயோட முட்டையை இப்பவே வில்ஃபுக்கு வெச்சுடப் போறேன். கேட்டதைக் குடுத்துட்டா அவன் எதுக்குக் காத்திருக்கப் போறான்?"

ஐவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அடியே, செத்தவன்கிட்ட பேரம் பேசாதடி. குடுக்கறவ நீ ஒண்ணு நெனச்சுக் குடுப்ப. வாங்கறவன் என்ன நெனச்சு வாங்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கையைக் கட்டிட்டு நிக்கவா?"

எட்னா வெளியே வந்து, ராய் கையை வைக்கும் முன் அவன் தட்டைத் தூக்கினாள்.

"ஏய், பசிக்குதுடி!"

"ரொட்டி இருக்கு, தின்னு. எனக்காக ஒரு நாள்."

தட்டைக் கொண்டுபோய் வில்ஃபின் இடத்தில் வைத்தாள். "ராயோடது. நீ கேட்டதுதான். எடுத்துட்டுப் போயிடு" என்று முணுமுணுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று ஐவி கதவோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ராய் வறட்டு ரொட்டியை மென்றபடி லாரியில் ஏறிக் கையசைத்தான்.

எட்னா திரும்பிவந்தபோது தட்டு காலியாக இருந்தது.

விமானங்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்து போயின. அன்று அவள் நிம்மதியாக இருந்தாள். அந்த வாரத்திலேயே முதல் முறையாகக் கண் மூடித் தூங்கினாள்.

விடியும்போது திரும்பி வந்தார்கள். ராயின் விமானமும் வந்தது. இறங்கியவர்களில் ராயும் இருந்தான். எட்னா சேற்றில் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் மெல்ல அவள் தலையைத் தடவினான். கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"பயமுறுத்திட்டான் பாவி!" என்றான் பைலட் டென்பி, தொப்பியைக் கழற்றியபடி. "கப்பல் துறைக்கு மேல குண்டு போடுற நேரத்துல இவனோட ஆக்சிஜன் குழாய் கழண்டுபோச்சு. நாங்க பாக்கறதுக்குள்ள மூச்சே இல்ல. முடிஞ்சுதுன்னே நெனச்சோம். வீட்டுக்குத் திரும்பற வழியில, தானா எழுந்து உக்காந்தான். அதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

எட்னா அவன் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் பனி உறைந்திருந்தது. பைலட்டின் பக்கம் சூடான காற்று வரும். அங்கே உட்காருகிறவனுக்குப் பனி உறையாது. வால் கூண்டில் இருப்பவனுக்குத்தான் அப்படி உறையும்.

களைப்புதான், வேறொன்றுமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே ஓடி முட்டை பொரித்தாள். அவனுடைய முட்டை, திரும்பி வந்தவனின் முட்டை. தட்டோடு வெளியே வந்தாள்.

ராயின் நாற்காலி காலியாக இருந்தது.

அவன் கணப்படுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

எட்னா அவன் முன்னால் தட்டை வைத்தாள். வெடிமருந்து கருகிய வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் ரொட்டியை நகர்த்தி வைத்து, "வழிச்சுத் தின்னு, ராய்" என்றாள். கெஞ்சுவதுபோல்தான் அது வெளியே வந்தது.

அவன் ரொட்டியைத் தொடவில்லை.

கரண்டியை எடுத்தான். வெள்ளையைச் சுற்றிச் சுற்றி, நிதானமாகச் சுரண்டினான்.

சமையலறைக் கதவில் ஐவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சளை உடையாமல் தூக்கினான். விழுங்கினான். பிறகு ராயின் கண்களால் எட்னாவை நிமிர்ந்து பார்த்து, ஒரு கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறந்தான்.

"சனிக்கிழமைதானே கல்யாணம், மகாராணி?"