ஓட்டை இல்லாத கதவு

மாசானமுத்துவின் வாசல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எதிர்வீட்டு விளக்கு பச்சை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

பாளையங்கோட்டை அடுக்ககத்தில் பூட்டும் சாவியும் ஒழிந்து வெகுநாளாகிவிட்டது. ஒவ்வொரு கதவிலும் ஒரு கதவுக்காவலன். இன்னது நடந்தால் இன்னது செய் என்று வீட்டுக்காரன் விதி போடுவான். அது அப்படியே செய்யும். சொந்தப் புத்தி கிடையாது. அதற்கு மேலே மெய்ப்பான் என்று ஒன்று. கதவு இப்படித்தான் நடக்கும் என்று ஓர் உறுதி கேட்டால், விதிகளை எல்லாம் எல்லா வழியிலும் பின்னிப் பார்க்கும். மீற ஒரே ஒரு வழி இருந்தாலும் அதைக் கதையாகச் சொல்லும். அதற்குப் பேர் ஓட்டை. ஓட்டை இருந்தால் மஞ்சள் விளக்கு, இல்லவே இல்லையென்றால் பச்சை. பச்சை எரிகிற வீட்டில் சம்பந்தம் பண்ண ஊரே போட்டி போட்டது. என்ன உறுதிக்காக எரிகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பச்சை என்றால் பச்சைதான்.

எதிர்வீட்டுக் குற்றாலிங்கம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பெண்டாட்டியை இழந்தவன். ஒருநாள் அவன் வாசலில் நின்று என்னவோ சொல்ல, மாசானமுத்துவின் மனைவி செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை மாசானமுத்து கேட்டதே இல்லை. அவனுக்குக் கயத்தாற்றில் காற்றாலை ஏறுகிற வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். கம்பத்து உச்சியில் தொங்கும்போதும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. சோறு இறங்கவில்லை.

மெய்ப்பான் முன்னால் போய் நின்றான்.

"நான் இல்லாதப்ப வேற ஆம்பள எவனும் உள்ள நுழையக் கூடாது. உறுதி சொல்லு."

"ஓட்டை இருக்கிறது," என்றது மெய்ப்பான். "சமையலறையில் புகை வருகிறது. புகை வந்தால் யாருக்கும் கதவு திறக்கும் என்பது விதி. எதிர்வீட்டுக்காரர் ஓடி வருகிறார். உள்ளே நுழைகிறார்."

"எப்ப நடந்துச்சு?"

"நடந்ததாகச் சொல்லவில்லை. நடக்க விதியில் இடம் இருக்கிறது."

"இடம் இருந்தா விடுவானா?"

புகை விதியை நீக்கினான். அடுத்த கதையில் மருத்துவர் வந்தார். பெண் மருத்துவர் மட்டும் என்று மாற்றினான். அதற்கடுத்த கதையில் செண்பகத்தின் அண்ணன் வந்தான். அவனும் ஆம்பளைதானே என்று அவனுக்கும் வழியை அடைத்தான். சந்தேகப்படுகிறவனுக்கு மெய்ப்பானைப் போல ஒரு கூட்டாளி கிடையாது. இவன் நினைப்பு ஓய்கிற இடத்தில் அது தொடங்கும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. கேட்டதை மட்டும் பார்க்கும்.

கடைசிக் கதை அவனை ஆட்டிவிட்டது.

"உங்கள் முகத்தைப் போல முகமூடி போட்டு, உங்கள் குரலில் பேசி ஒருவர் வருகிறார். கதவு திறக்கிறது."

பிறகு விதி போட்டான். அவனே வந்தாலும் செண்பகம் உள்ளேயிருந்து பார்த்து, 'இவர்தான்' என்று சொன்னால்தான் திறக்க வேண்டும். விதியை மாற்றுவதென்றால் வீட்டுக்குள் நின்று, அவன் குரலில்தான் மாற்ற வேண்டும்.

"ஓட்டை இல்லை. மெய்ப்பிக்கப்பட்டது."

பச்சை எரிந்தது. அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான்.

அடுத்த முறை கயத்தாற்றிலிருந்து வந்தவனை, 'இவர்தான்' என்று சொல்லி உள்ளே விட்ட செண்பகம் செருப்பைக் கழற்றவும் விடவில்லை.

"எங்க அண்ணன் பலாப்பழத்தத் தூக்கிட்டு வந்து வாசல்லயே நின்னுட்டுப் போயிருக்கான். நான் உள்ளேருந்து கெஞ்சுதேன், கதவு 'ஆண், அனுமதி இல்லை'ங்குது. என்ன வேல பண்ணி வச்சிருக்கிய?"

"காலம் கெட்டுக் கெடக்கு."

"காலமா, உங்க புத்தியா?"

"அந்த லிஃப்ட்டுக்காரங்கிட்ட அன்னைக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சியேட்டி!"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். நீங்க ஒரு தடவ சிரிக்க வச்சுப் பாருங்களேன்."

"விதிய மாத்த மாட்டேன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதை அவன் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டான்.

மறுவாரம் வந்து வாசலில் நின்றான். உடம்பெல்லாம் கிரீஸ்.

"உள்ளிருந்து உங்களை அடையாளம் சொல்ல வேண்டும்," என்றது கதவு.

"செண்பகம்! ஏட்டி!"

"உள்ளே யாரும் இல்லை. காலையில் பெட்டியோடு வெளியே போனார்."

"வெளிய எப்படி விட்ட?"

"வெளியே போவதற்கு விதி எதுவும் இல்லை. உள்ளே நுழைவதைப் பற்றி மட்டுமே நீங்கள் கேட்டீர்கள்."

"சரி, விதிய மாத்துதேன்."

"உள்ளே நின்று மாற்ற வேண்டும்."

கதவை உதைத்தான். கால்தான் வலித்தது. செண்பகத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணன் வீட்ல இருக்கேன்," என்றாள்.

"உள்ள வந்து 'இவர்தான்'னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"எப்படிச் சொல்லுவேன்? நான் கட்டிக்கிட்டவரு இவருதானான்னு எனக்கே தெரியலையே." வைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டுக் குற்றாலிங்கம் எட்டிப் பார்த்தான்.

"என்ன வே, கதவோட சண்டையா? ஏதாவது ஓட்டை இருக்கும், மெய்ப்பான்கிட்டயே கேளும்."

வெளியே நின்றபடி மாசானமுத்து மெய்ப்பானைக் கேட்டான். செண்பகம் இல்லாமல் உள்ளே நுழைய ஓர் ஓட்டை, ஒரே ஓர் ஓட்டை. அது எல்லா வழியையும் பார்த்துவிட்டுச் சொன்னது: "இல்லை. மெய்ப்பிக்கப்பட்டது."

"சரி விடும். நம்ம வீட்டுக்கு வாரும், காப்பி போடுதேன்," என்றான் குற்றாலிங்கம்.

மாசானமுத்து எதிர்வீட்டுப் பச்சை விளக்கை அண்ணாந்து பார்த்தான். "உம்ம வீட்டுக்குள்ள என்னைய விடுமா? நீரு என்ன உறுதி கேட்டு வாங்கினீரு?"

"யாரு தட்டினாலும் திறக்கணும்னு கேட்டேன். ஒரே விதிதான் வே. அரை நொடியில மெய்ப்பிச்சிட்டுது."

மாசானமுத்து தட்டினான். திறந்தது.

உள்ளே கால் வைத்தவன் முதலில் தரையைப் பார்த்தான், பெண் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று. இல்லை. குற்றாலிங்கம் அடுப்படிக்குப் போனதும் குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான்.