கொலைகாரன் அழுதானா?

"கொலைகாரனுக்கு அழுகாச்சி வருமுங்களா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஊர்ப்புற நூலகத்தின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு யாழினி இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. கையில் 'கூற்றன் வரலாறு' முதல் பாகம். நூலகத்தைக் கவனித்துக்கொண்ட கலைமணி முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"முழுசாப் படிச்சுட்டு நீயே வந்து சொல்லு சாமி."

அதற்கான பதில் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. சென்ற வியாழக்கிழமை காலை, அந்தப் பக்கங்களைக் காணவில்லை.

முதலில் பார்த்தவர் உரக்கடை அர்த்தநாரி. புத்தகத்தை மேசைமேல் போட்டார். அந்தச் சத்தத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னம்மா இது? கடைசி எட்டுத் தாளு எங்க?"

கலைமணி புரட்டினாள். முகம் வெளுத்தது. லீவில் வீட்டிலிருந்த சௌந்திரத்துக்குப் போன் செய்தாள். சௌந்திரம் சேந்தமங்கலம் பக்கம் தலைமைக் காவலர். அந்த நூலகத்தின் பழைய வாசகி.

"அக்கா, கொஞ்சம் வர முடியுங்களா? என் பொழப்பே போயிரும்போல இருக்குதுங்க."

கூற்றன் கதையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஏழு மதில் கொண்ட ஒரு கற்பனை நாடு. கூலிக்குக் கொலை செய்பவன் கூற்றன். தீராத நோயுள்ள மின்னி என்ற சிறுமியைக் கொல்ல அனுப்பப்படுகிறான், கொல்ல மனம் வரவில்லை. மருந்து தேடி அவளைத் தோளில் சுமந்துகொண்டு மதில் மதிலாகத் தாண்டுகிறான். குறுக்கே வருகிறவர்களை எல்லாம் கொல்கிறான். இந்தக் கதை புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூரை இரண்டாகப் பிளந்துவிட்டது. டீக்கடையில் பேச்சு முற்றிக் கைகலப்பு வரை போனது. சண்டை வேண்டாம், எழுதி ஒட்டுங்கள் என்று கலைமணி சுவரில் ஒரு பலகை மாட்டினாள். நல்ல மனதோடு செய்த வேலை. பலகையும் போர்க்களம் ஆனது.

பதினொரு மணிக்கு சௌந்திரம் வந்தாள். நான்கு பாகங்களைப் படித்திருந்தாள். ஐந்தாவதை இன்னும் தொடவில்லை.

"யார் யார் எடுத்தாங்க?"

"மொதல்ல அர்த்தநாரி ஐயா. பொறகு தறிக்காரர் மணிமாறன் அண்ணன், மக யாழினிக்குன்னு. அது திரும்பி வந்ததுக்கப்பறம் மேசைமேலேயேதான் கெடந்துச்சுங்கக்கா. வாரவங்க போறவங்க எல்லாம் பொரட்டுனாங்க."

சௌந்திரம் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மிஞ்சியிருந்த கடைசிப் பக்கம் ஒரு முழு வாக்கியத்தோடு நின்றது: 'அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூற்றன் ஊரை நோக்கி நடந்தான்.' பிளேடு பட்ட தடம் இல்லை. தாள் பிரிந்த ஓரம் பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. தையலை ஒட்டி மங்கலாக ஒரு பச்சைக் கோடு.

"முன்பக்கத்துலயும் ஒரு தாள் போயிருக்குதுங்கக்கா. நூலக முத்திரை இருந்த தாளா இருக்கும்."

சௌந்திரம் முன்பக்கம் திருப்பினாள். முத்திரை தலைப்புப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அவள் பலகையை நோக்கி நடந்தாள்.

'கொலைகாரனைச் சாமியாக்காதீர்கள்.' இது அர்த்தநாரியின் கை.

'கூற்றன் என் அண்ணன். ஆனா கடைசி அத்தியாயம் துரோகம்.' இது லாரிப் பட்டறை கோகுல்ராஜ்.

'வாள் சண்டை ஜாஸ்தி. சமையல் எங்கேயும் வரவில்லை. இவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள்?' பெயர் இல்லை.

'தோள்ல தூக்கிட்டு ஊருக்குப் போறானே, அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடிச்சது. யாழினி.'

'படித்தேன். தூக்கம் போனது. அடுத்த பாகம் உண்டா?' இதற்கும் பெயர் இல்லை.

மதியத்துக்குள் செய்தி ஊரைத் தாண்டிவிட்டது. நூலகத்தில் தணிக்கை நடக்கிறது என்று கோகுல்ராஜ் இணையத்தில் எழுதினான். அர்த்தநாரி மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். அதிகாரி போனில் கத்தினார். "திங்கட்கிழமை வாரேன். அதுக்குள்ள யாருன்னு சொல்லணும். இல்லைன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போயிருங்க." கலைமணி தற்காலிக ஊழியர். கணவன் இல்லை. அந்தச் சொற்பச் சம்பளத்தில்தான் அவளும் கண் தெரியாத மாமியாரும் சாப்பிட்டார்கள். தினமும் விளக்கேற்றிவிட்டு நூலகம் திறப்பவள் அவள். அதையே காரணமாக்கி, கொலைக்கதை பொறுக்காமல் அவளே எடுத்திருப்பாள் என்று பேசத் தொடங்கினார்கள்.

மாலையில் சௌந்திரம் உரக்கடையில் நின்றாள்.

"நீங்க எடுத்தீங்களா?"

"ஏம்மா, நான் கிழிச்சா அட்டையோட கிழிச்சுப்போடுவேன். எட்டுத் தாளோட எதுக்கு நிறுத்தறேன்?"

"அப்படி என்ன கோபம்?"

"எழுதத் தெரியாத ஆளும்மா அவன். கடைசி அத்தியாயத்துக்குப் பேரு 'மின்னியின் கடைசி இரவு'. பொருளடக்கத்தைப் பார்த்தாலே முடிவு தெரிஞ்சுபோச்சு. போகட்டும். அந்தப் புள்ள சாகுது, பக்கத்துல உக்காந்துட்டு இவன் சிரிக்கறான். சிரிக்கறானுங்கறேன்!"

வெள்ளிக்கிழமை நாமக்கல் பைபாஸில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. கோகுல்ராஜ் லாரியின் பின்கதவில் கூற்றனை வரைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் பெரிய முட்டை ஒன்றும் வரைந்திருந்தது. முட்டை லாரி.

"உன் புத்தகத்தை எரிச்சு வீடியோ போட்டியாமே?"

"போட்டனுங்க மேடம். காசு குடுத்து வாங்குன என் புக்கு. அடுத்தவங்க புக்குல நான் ஏனுங்க கை வெக்கறேன்?"

"எதுக்கு எரிச்சே?"

"கடைசியில அழுதுட்டானுங்க! கூற்றன் அழுகலாமுங்களா? நாலு பாகம் அவனை நம்புனனுங்க."

"சிரிச்சான்னு அர்த்தநாரி சொல்றாரே."

"அவருக்குக் கண்ணு புரை. உரத்துல மட்டும் கலப்படத்தைக் கண்டுபுடிப்பாரு."

"வேற பிரதி கிடைக்குமா?"

"ஒண்ணும் இல்லீங்க. எங்கயும் தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம் அச்சாகி வருமாம்."

சௌந்திரம் கிளம்பினாள். ஒரே பக்கத்தைப் படித்த இருவரில் ஒருவர் சிரிப்பைப் பார்த்திருக்கிறார், ஒருவர் அழுகையைப் பார்த்திருக்கிறார். போலீஸ் வேலையில் இது அவளுக்குப் புதிது இல்லை.

சனிக்கிழமை காலை அவள் மணிமாறன் வீட்டுக்குப் போனாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வாசலில் பச்சைத் துண்டுகள் காய்ந்தன. சாயம் இறங்கி அடியில் மண்ணெல்லாம் பச்சை. மணிமாறன் வெளியே வந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"உக்காருங்க அம்மிணி. ஊட்டுக்காரி சரிதா மருந்து வாங்கப் போயிருக்கறா."

"யாழினிக்கு எப்படி இருக்குது?"

"ரத்தத்துல நோய்ங்க. சேலத்துல பார்த்தாங்க. இனி ஊட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

சௌந்திரம் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணா, கோபத்துல கிழிச்சவன் கசக்கிக் கிழிப்பான். அந்தத் தாளெல்லாம் நனைச்ச நூலைத் தையல் ஓரமா வெச்சு, மூடிப் பாரம் வெச்சு, பக்குவமா எடுத்தது. நூலோட சாயம் ஒரு கோடு விட்டிருக்குது."

மணிமாறன் துண்டுகளைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பச்சைத் துண்டு நெய்யறவங்க நெறைய. அதனால அதை விட்டுட்டு முன்பக்கத்துல போன தாளை யோசிச்சேன். முத்திரைத் தாள்னு எல்லாரும் நெனைச்சாங்க. முத்திரை அங்கேயேதான் இருக்குது. போனது பொருளடக்கம். அதுல 'மின்னியின் கடைசி இரவு'ன்னு அச்சடிச்சிருந்துச்சு. கதை புடிக்காதவனுக்குப் பொருளடக்கத்தோட என்ன பகை? எடுத்தவங்க அந்தப் புத்தகத்தைக் கெடுக்கலை. ஊருக்குத் தூக்கிட்டுப் போற எடத்துலயே முடிச்சு வெச்சிருக்காங்க. படிக்கறவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணு இருக்குதுன்னே தெரியக்கூடாது."

அவள் நிறுத்தினாள்.

"பலகையில அத்தனை பேரும் முடிவுக்குச் சண்டை போடறாங்க. ஒருத்தர் மட்டும் தோள்ல தூக்கிட்டுப் போறதைக் கடைசி வரின்னு எழுதியிருக்காங்க. அதை நானும் மொத நாள் படிச்சேன். கொழந்தை எழுதுனதுன்னு தாண்டிப் போயிட்டேன்."

மணிமாறன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானுங்க சத்தமாப் படிச்சுச் சொல்றது. அவ கண்ணு சோர்ந்துருது. ஆனா தலைமாட்டுலயே வெச்சுக்கிட்டு அப்பப்பப் பொரட்டுவா. முன்கூட்டியே நான் கடைசியைப் பார்த்துட்டனுங்க. அந்த நோவு, அந்த மூச்சு வாங்கறது, எல்லாம் எம்புள்ளையப் பார்த்து எழுதுன மாதிரியே இருந்துச்சு. எப்படிங்க படிக்கறது?"

"கலைமணிக்கு வேலை போயிரும்ணா."

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க." அவர் கைகூப்பினார். "தாளெல்லாம் இராசிபுரத்துல தறிக்கொட்டாயில வெச்சிருக்கறனுங்க. ஊட்டுல வெச்சா அவ கண்ணுல படும். திங்கட்கிழமை எடுத்தாந்து நானே எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கறேன். அதுவரைக்கும் அவளுக்கு மட்டும்..."

"சொல்ல மாட்டேன்."

உள்ளே யாழினி கட்டிலில் கிடந்தாள். தலையில் முடி இல்லை. அப்பா டீ வாங்கப் போன சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அப்பாவைப் புடிச்சுட்டீங்களா?"

சௌந்திரம் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க. அம்மா போன்ல வாசகருங்க எழுதுனதெல்லாம் படிச்சுட்டேன். மின்னி செத்துப்போயிருவா."

"அப்பறம் ஏன் சாமி அப்படி எழுதிக் குடுத்தே?"

"அப்பா அந்த வரியைப் படிச்சுட்டு என் மூஞ்சியவே பாத்தாருங்க. நல்லா முடிஞ்சுதுப்பான்னு சொன்னேன். அன்னிக்கு அவரு ரெண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டாரு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்ததும் மறுபடி பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு தெரியணுமுங்க. கூற்றன் அழுதான்னு பாதிப் பேரு, சிரிச்சான்னு பாதிப் பேரு. எது நெசம்? அப்பாகிட்டக் கேட்க முடியாது. கேட்டா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிரும்."

"திங்கட்கிழமை தாள் வந்துரும். நானே படிச்சுச் சொல்றேன்."

"மறக்கக் கூடாதுங்க."

"மறக்க மாட்டேன் சாமி."

ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயில் விழாவில் சௌந்திரத்துக்குப் பந்தோபஸ்து. சாமி சப்பரம் தெருமுனை திரும்பும்போது கலைமணியின் போன் வந்தது. யாழினி மதியமே போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் ஓடைக்கரை இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் சௌந்திரம் கைகூப்பினாள். என்ன வேண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நூலகத்தில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அர்த்தநாரியும் கோகுல்ராஜும் எதிரெதிர் பெஞ்சில். மணிமாறன் வரமாட்டார் என்றே சௌந்திரம் நினைத்தாள். வந்தார். நேரே தறிக்கொட்டாயிலிருந்து வந்திருந்தார். பச்சைத் துண்டில் சுற்றிய ஒன்பது தாள்களை மேசைமேல் வைத்தார்.

"நான்தானுங்க எடுத்தேன். கலைமணிக்கு ஒண்ணும் தெரியாது. எம்புள்ளைக்கு முடிவு தெரியவேண்டாம்னு எடுத்தேன். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுங்க. அந்தச் சந்தோசத்தோடவே போயிட்டா."

சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோகுல்ராஜ் போனை எடுத்துத் தன் பதிவை அழித்தான். அர்த்தநாரி பலகைக்குப் போனார். யாழினியின் சீட்டில் ஒரு முனை பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தன் சீட்டிலிருந்த குண்டூசியைப் பிடுங்கி அதில் குத்தினார். 'கொலைகாரனைச் சாமியாக்காதீர்கள்' தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"புகாரைத் திரும்ப வாங்கிக்கறேனுங்க," என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். அவரும் கல்மனசுக்காரர் இல்லை. "வருத்தமாத்தான் இருக்குது. ஆனா திரும்பி வந்த புத்தகத்தைச் சரிபார்க்காதது பொறுப்பாளர் தப்புத்தானே? வேற ஆள் போட்டு மேலிடத்து உத்தரவு வெள்ளிக்கிழமையே வந்துருச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கலைமணி சாவியை மேசைமேல் வைத்தாள். மறுநாளிலிருந்து எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்கு முட்டை அடுக்கப் போவதாகச் சொன்னாள். மணிமாறன் அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் பதறி விலகினாள்.

"என்னங்கண்ணா இது? மொதல்ல ஊட்டுக்குப் போங்க. அண்ணி தனியா இருப்பாங்க. நேத்திருந்து ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, நான் சோறு ஆக்கிக் கொண்டாறேன்."

அன்று அந்த அறையில் ஒருவர் இன்னொருவருக்குத் தர முடிந்தது அவ்வளவுதான். உலகம் அதனால் திருந்திவிடாது. ஆனாலும் இரண்டு பேர் அன்றைக்குச் சாப்பிட்டார்கள்.

"தாளை ஒட்டிக் குடுக்கறேன், சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கறேன்," என்று சௌந்திரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

மூன்று மணி வெயிலில் ஓடைக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் பைபாஸில் லாரிகள் போகும் சத்தம். சீமைக்கருவேல மரத்தடியில் புது மண் மேடு. மேலே வாடிய செவ்வந்தி. சௌந்திரம் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். துண்டைப் பிரித்தாள். விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

ஊருக்கு நடந்த வழியில் மின்னிக்கு மூச்சு வாங்கியது. கூற்றன் அவளை இறக்கினான். மருந்து எங்கும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இரவு முழுதும் மடியில் வைத்திருந்தான். சௌந்திரம் எந்த வரியையும் தாண்டவில்லை. குரல் உடைந்த இடங்களில் நிறுத்தி, மறுபடி அதே வரியை ஒழுங்காகப் படித்தாள். கடைசித் தாளின் கடைசி வரி வந்தது.

'மின்னியின் கை குளிர்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது. கூற்றனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.'

அவள் இன்னொரு முறை பார்த்தாள். அவ்வளவுதான் இருந்தது.

"அதுல எழுதலை சாமி," என்றாள் மண்ணைப் பார்த்து. "ஆளாளுக்கு அவங்களா நெனைச்சுக்கிட்டாங்க."

தாள்களை வரிசைப்படுத்தித் துண்டில் சுற்றினாள். உடனே எழுந்துகொள்ளவில்லை. அவள் அழுதாளா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.