ஹாரிகாவின் அறைக்கு இன்னும் கொஞ்சம்

துடியலூரில் வாரக்கணக்காக மழையில்லை. ஆனாலும் சாத்திக் கிடந்த மகளின் அறையிலிருந்து, நனைந்த பள்ளிச் சீருடையின் வாசனை, கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த வரலட்சுமியின் மூக்கை எட்டியது.

அன்று காலையில்தான் அந்த வாசனையை அவள் நாவலில் சேர்த்திருந்தாள்.

ஒரு மழை நாளில், பள்ளிவிட்டுச் சைக்கிளில் வந்த ஹாரிகா மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்து இரண்டு வருடமாகிறது. நாவல் அவளைப் பற்றியதுதான். படித்துவிட்டுப் பதிப்பகத்து கீதா போனில் சொன்னாள்: "அழுகை இருக்குதுங்க. ஆனா அந்தப் பொண்ணோட ரூமு கண்ணுல தெரியலீங்க. வாசனை, சத்தம்... இன்னும் கொஞ்சம் சேருங்க."

சேர்த்தாள். வாசனை நிஜமாகவே வந்துவிட்டது. அவள் லேப்டாப்பை மூடவில்லை. மறுநாள், மேசை விளிம்பில் ஸ்கேலைத் தட்டித் தட்டிப் படிக்கும் ஹாரிகாவின் பழக்கத்தை எழுதினாள். மத்தியானம், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தேய்ந்து மறைந்த பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் மரத்தில் பிளாஸ்டிக் தட்டும் சத்தம் நிதானமாகக் கேட்டது. வரலட்சுமி கதவில் கன்னத்தை வைத்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் லேத் பட்டறையிலிருந்து வந்த கணவர் அழகிரிசாமி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அம்மணி... உள்ள யாரு?"

"நம்ம புள்ளைதானுங்க."

"வேண்டாம். எழுதுனது போதும். அழிச்சுப்போடு."

"அவளை நானே கொல்லோணுங்களா?"

அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுதினாள். ஈரப் பின்னல். முழங்கால் தழும்பு. கடித்துக் குட்டையான நகங்கள். கதவைத் திறந்துகொண்டு ஹாரிகா கூடத்துக்கு வந்தாள் என்று எழுதினாள். அடுத்து முகம்.

வரவில்லை.

கண்ணை மூடினால், ஆஸ்பத்திரியில் உடலைச் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணிதான் வந்தது. "பாக்காதே கண்ணு, பழைய முகமே நெனப்புல இருக்கட்டும்" என்று அன்று எல்லோரும் தடுத்தார்கள். அவளும் பார்க்கவில்லை. பழைய முகம்? சிரித்தால் எந்தக் கன்னத்தில் குழி விழும்? சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். ஸ்டூடியோவில் வெளுப்பாக்கிய யாரோ ஒருத்தி.

அறையின் தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது.

"சாமீ..." அழகிரிசாமி கண்களைப் பொத்திக்கொண்டார்.

ஈரக் காலடி. சீருடை. பின்னல். தழும்பு. எல்லாம் சரியாக இருந்தன. நெற்றியிலிருந்து மோவாய் வரை மட்டும் வெறும் தோல்.

"கண்ணு..."

அந்தத் தலை, அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பியது. தோள்கள் குலுங்கின. அழுகிறாள். கண்ணீருக்கு வழியில்லை. சத்தத்துக்கு வழியில்லை. இரண்டு கைகளும் மேலே போய், அந்த வழுவழுத்த தோலில் வாய் எங்கே, வாய் எங்கே என்று தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.