சராசரி பூஜ்யம்

ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் நடுவை விட்டு நகர்ந்திருந்தது. மொட்டை மாடியில் முக்காலியின் மேல் நின்ற ஜி.பி.எஸ். கருவியை யாரும் தொடவில்லை; காற்றுகூட இல்லை. சர்வேயர் மூன்றாவது முறையாகத் திருகைத் திருப்பிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அது ஒரு கணம் நின்றது. பிறகு தூக்கத்தில் புரள்வதுபோல் மெல்ல ஓரத்துக்குப் போனது.

போன மாதம், இந்த மலைச்சரிவு நகர்கிறதா என்று பார்க்க அலுவலகம் கொடுத்தது இரண்டே நாள். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் நகரும் நிலத்தை இரண்டு நாளில் அளந்துவிடலாமாம்! இதே மாடியில் கருவியை வைத்து அளந்தாள். ஏறி இறங்கிய எண்களை இரைச்சல் என்று தள்ளிவிட்டுச் சராசரி எடுத்தாள். பூஜ்யம். 'அசைவு இல்லை, குடியிருக்கலாம்' என்று கையெழுத்தும் போட்டாள். அதை நம்பித்தான் அவள் தங்கை கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்குத் திரும்பினாள். மனசு கேட்காமல் சர்வேயர் இன்று மறுபடியும் அளக்க வந்திருந்தாள்.

கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்தப் பழைய எண்களை நொடிவாரியாக விரித்தாள். இரைச்சல் என்றால் தாறுமாறாக இருக்க வேண்டும். இது பிசகாமல் ஏறியது, இறங்கியது, ஆறு நொடிக்கு ஒரு தரம். ஏறின அளவே இறங்கினால் சராசரியில் என்ன மிஞ்சும்? அடிப்பாவி, இதையா துடைத்துப் போட்டாய்!

"பாப்பா எங்கடி?" என்று தங்கையைக் கேட்டாள்.

"உள்ள ரூம்லக்கா, தரையில. தொட்டில்ல போட்டா கத்துறா. தரையில போட்டா போதும், பெட்டிப்பாம்பா அடங்கிடுறா. யாரோ தட்டிக்குடுக்குற மாதிரி."

தரை வெதுவெதுப்பாக இருந்தது. பாதம் அதை இப்போதுதான் உணர்ந்தது. உள்ளறைக் கதவின் அடியிலிருந்து ஈரமண் வாசனை வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. திரைச்சீலை உள்ளே சாய்ந்தது. வெளியே சாய்ந்தது. ஆறு நொடி.

"தூக்குடி அவள! தூக்கு!"

மாடியிலிருந்து கருவி நொடிக்கொரு எண் அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் கோடு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. உச்சியில் நின்றது.

ஆறு நொடி. பத்து.

இறங்கியது.

தங்கை கதவைத் திறந்தாள். விரித்த பாய். கலையாத போர்வை. குழந்தை இல்லை. ஜன்னல் தாழிட்டபடி. தரையில் ஒரு கீறல் இல்லை.

பாயைச் சுருட்டி எறிந்துவிட்டுத் தங்கை காதைத் தரையோடு அழுத்தினாள்.

"அக்கா... மூச்சு கேக்குது."

அக்கா திரையைப் பார்த்தாள். பெரிய ஏற்றம். பெரிய இறக்கம். அதற்குள், இதுவரை இல்லாத ஒன்று. குட்டி ஏற்றம், குட்டி இறக்கம், இரண்டு நொடிக்கு ஒன்றாக, சீராக, தூங்கும் குழந்தையின் மூச்சு.