சோளக்காட்டு வெள்ளை மயில்

"என்னைய எதுக்குங்க போட்டோ எடுத்தீங்க?"

மக்காச்சோளக் காட்டு வரப்பில் குடையோடு நின்ற ஜீவிதா கேட்டாள். எதிரே கேமராவோடு ஓர் உருவம்... அவ்வளவுதான் தெரிந்தது. பிறவியிலேயே நிறமில்லாத தோல், வெள்ளை முடி, வெயிலில் கூசி மங்கும் கண்கள் அவளுக்கு. தொப்பம்பட்டிச் சந்தையில் அவளைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்தவர்கள் உண்டு.

"உங்களை எடுக்கலைங்க. பின்னாடி நிக்கிற மயிலை."

"காடு பூராவும் மயில்தானுங்க. கதை விடாதீங்க."

"செத்த திரும்பிப் பாருங்க... மெதுவா."

திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டை மயில்... பால் வெள்ளையில். தினமும் தட்டைத் தட்டி அவள் விரட்டிய கூட்டத்தில் இப்படி ஒன்றா?

அவன் மோகன்குமார். சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். வெளிறிப் பிறக்கும் விலங்குகளைப் பற்றி ஆராய்கிறவன்.

"இதோட தாயும் தகப்பனும் சாதாரண மயிலாத்தான் இருந்திருக்கும். நிறத்தைத் தடுக்குற ஜீன் ரெண்டுலயும் வெளிய தெரியாம ஒளிஞ்சிருக்கும். குஞ்சுக்கு ரெண்டு பக்கமும் சேந்து வந்தாத்தான் இம்புட்டு வெள்ளை."

"எனக்கு...?"

"உங்களுக்கு இருக்குறது வேற ஜீன். ஆனா வர்ற வழி இதேதான். அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு."

ஜீவிதா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாகிட்டயுமா? 'உன் வம்சத்துச் சாபம்' என்று அப்பா அம்மாவைக் குத்தாத நாளே இல்லையே...

மதியச் சாப்பாட்டில் அதைச் சொன்னாள். அப்பா நல்லுசாமியின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். மறுநாளே அப்பா, "இனி காட்டுக்குள்ள கால் வைக்காதே" என்று மோகன்குமாரை விரட்டிவிட்டார்.

அவன் ரோட்டோரம் நின்று மயிலைப் பார்த்தான். ஜீவிதா தண்ணீர் கொண்டுபோனாள். அவன் தன் ஊர்ப் பேச்சில் 'அம்புட்டு' என்றால் அவள் சிரிப்பாள். அவளுடைய 'ஏனுங்க'வை அவன் திருப்பிச் சொல்லிக் காட்டுவான்...

மழைக்காலம் வந்தது. மயில் கூட்டம் வேறு பக்கம் போய்விட்டது. அவன் வண்டி மட்டும் வந்து நின்றது.

"மயில்தான் போயிருச்சே. இன்னும் என்ன ஆராய்ச்சிங்க? என் ரத்தம் வேணுமா?" சுருக்கென்று கேட்டாள்.

"நீங்க வேணும்." அவன் குரல் இறங்கியது. "நேத்து உங்கப்பாகிட்ட கேட்டேன். 'அப்ப எங்கிட்ட இருந்தும்தான் வந்துதா'ன்னு கேட்டாரு. அப்புறம், 'புள்ளை என்ன சொல்லுதோ அதுதான்'னாரு."

அப்பாவா? ஜீவிதாவின் குடை சரிந்தது. தூறல் முகத்தில் விழுவதுகூட உறைக்கவில்லை.

"நாளைக்கு... கொழந்தை என்னைய மாதிரியே பொறந்தா?"

"எங்கிட்டயும் அந்த ஜீன் ஒளிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு வந்துதான் உங்களைக் கேக்கணும்னு தோணலை, ஜீவிதா."

அவள் உற்றுப் பார்த்தாள். மழைக்குள் அவன் முகம் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது.

"எனக்குப் பக்கத்துல வந்தாத்தானுங்க முகம் தெரியும்..." குடையை மடக்கினாள். "கிட்ட வரட்டுங்களா?"