கடைசி மணி

அப்பா கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு பழைய துணி.

"ராஜி, அந்தக் கிழிஞ்ச பனியனை எடுத்துண்டு வா. உன் சைக்கிள் மணியைத் துடைக்கணும்."

கரமனையில் எங்கள் வீட்டு வாசல். மணியைத் துடைத்து, மூடியை இறுக்கி, "அடி, பாக்கலாம்" என்றார். அடித்தேன். தெருக்கோடியில் பால் வாங்கிக்கொண்டிருந்த சுசீலாபாய் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"போறும்! பொன்முடி வரைக்கும் கேக்கும்" என்று அப்பா சிரித்தார்.

அன்று மதியம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தார். பிறகு வீட்டுக்கு வரவேயில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.

அப்பாவும் ஷாஜி அங்கிளும் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் பொன்முடி மலை உச்சிக்கு ஏற வேண்டும். அதற்காக ஞாயிறுதோறும் பயிற்சி; நானும் போவேன்.

மலைப் பாதையில் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகும் ஷாஜி அங்கிள் மணி அடிப்பார். பின்னால் வருபவர்கள் வரிசையாக ஆளுக்கு ஒரு தடவை அடிப்பார்கள். எல்லோருக்கும் பின்னால் வரும் அப்பா இரண்டு தடவை அடிப்பார். அது கேட்டால், யாரும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

சில வாரங்கள் கழித்து அம்மாதான் சொன்னாள்: "நீ போயிட்டு வா. அப்பா துடைச்சு வெச்ச மணி சும்மா கெடக்கலாமோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து விதுராவில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். கிளம்பும்போது ஷாஜி அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"கடைசி ஸ்தலம் நாகேஸ்வரன் சாருக்குள்ளது. அங்க யாரும் வரண்டாம், கேட்டோ. ரெண்டு மணியும் வேண்டாம்."

எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பாவின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்லாறு தாண்டியதும் மலை எங்கள் முன்னால் எழுந்து நின்றது. கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் அதன் முடிவு தெரியவில்லை. பாதி மலைக்கு மேல் வெறும் மேகம். எங்கள் சாலை அந்த மேகத்துக்குள் நுழைந்து காணாமல் போனது. அங்கேயா போகப் போகிறோம்? மிதிக்கக்கூட மறந்துவிட்டேன்.

"வாயை மூடு மக்ளே, மேகம் உள்ள போயிரும்" என்றார் எனக்குப் பின்னால் வந்த ஜெபமலர் அக்கா. நாகர்கோவில்காரர், நர்ஸ். வழி முழுக்க மலையைத் திட்டிக்கொண்டே வருவார். "இது ரோடா, ஏணியா? இதச் செங்குத்தா வச்சவன் எவன்?"

முதல் வளைவு. மணிகள் அடித்தன. பிறகு அமைதி. இரண்டாவது வளைவிலும் அப்படியே.

மூன்றாவது வளைவில்தான் உணர்ந்தேன். எனக்குப் பின்னால் மணியும் கேட்கவில்லை, திட்டும் கேட்கவில்லை.

திரும்பினேன். சாலையில் யாரும் இல்லை.

நிறுத்தி, மணியை விடாமல் அடித்தேன். மேலே போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

"எந்தா மோளே?" என்று ஷாஜி அங்கிள் பதறினார்.

"ஜெபமலர் அக்காவைக் காணோம், அங்கிள்!"

எல்லோரும் கீழே விரைந்தோம். முதல் வளைவுக்குச் சற்று மேலே, அறுந்த சங்கிலியும் கறுத்த கைகளுமாக அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு குரங்கு அவருடைய வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு கத்தினேன்! போன்லயும் சிக்னல் இல்ல. கேட்டது இவன் ஒருத்தன்தான்" என்று குரங்கைக் காட்டினார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

ஷாஜி அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கிள்," என்றேன், "அப்பா இடத்தைக் காலியா விட்டா அப்பாவுக்குப் பிடிக்காது. அக்காவுக்குப் பின்னால யாராவது வரணுமோல்லியோ? நான் வரேன்."

"நீ சின்ன குட்டியல்லே?"

"அவ முன்னாடி நான்தான் ஊர்ந்து போவேன். அவளத் தொலைக்கிற வேகம் எனக்கு எங்க இருக்கு?" என்றார் ஜெபமலர் அக்கா.

மழை ஓய்ந்த பிறகு ஒரு விடிகாலையில் பொன்முடிக்கு ஏறினோம். மேகத்துக்குள் போனதும் ஜெபமலர் அக்காவின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. திடீரென்று வானத்திலிருந்து விழுவதுபோல் மேலே ஒரு மணி ஒலித்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு இன்னொன்று. வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக என்னை நோக்கி இறங்கி வந்தன. ஜெபமலர் அக்காகூடத் திட்டுவதை நிறுத்தியிருந்தார்.

நான் இரண்டு தடவை அடித்தேன். மலை அதை வாங்கி, தானும் இரண்டு தடவை அடித்தது.

அதன்பிறகு குழுவில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கடைசியில் வருபவர் மட்டும் இன்றும் இரண்டு தடவைதான் மணி அடிக்கிறார்.